ஒரே தொட்டியில் பல இன மீன்கள்: நோயும் பொருத்தமும்

வண்ண மீன் வளர்ப்பு இந்நாளில் பொழுதுபோக்காக மட்டுமின்றி உபதொழிலாகவும் வளர்ந்துள்ளது. சென்னையில் கொளத்தூர் இதற்குரிய பெருஞ்சந்தையாக விளங்குகின்றது. அதனை அடுத்துள்ள திருவள்ளூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் பல குடும்பங்கள் சிமெண்டுத் தொட்டிகளில் மீன் குஞ்சுகளை வளர்த்து விற்று வருவாய் பெறுகின்றன. நம் அங்கத்தினர்களுள்ளும் தறி வேலைக்கும் வயல் வேலைக்கும் இடையில் கிடைக்கும் ஓய்வு நேரத்தில் இத்தொழிலைத் தொடங்க எண்ணுவோர் உண்டு.

அவ்வாறு எண்ணுவோர் முதலில் வீட்டில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்துப் பழகுவது வழக்கம். அந்த முதல் தொட்டியிலேயே மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாண்டுவிடுமானால், வாங்கிய பொருளும் போய், முயற்சியும் கைவிடப்படுகின்றது. "மீனுக்கு நோய் கண்டுள்ளது; என்ன மருந்து இடலாம்?" என்பதே அப்போது எல்லோரும் கேட்கும் வினா. அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு உள்ளன. நீர் எந்நிலையில் உள்ளது? உடன் வாழும் மீன்கள் யாவை? இவ்விரண்டையும் ஆராயாது மருந்திடுவது, பூமியின் தன்மை அறியாது உரமிடுவதை ஒக்கும். இப்பாடத்தில் இவற்றை ஆராய்வோம்.

1. முதல் தொட்டி கற்பித்த பாடம்

இலண்டன் மாநகரில் ராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர் இருந்தார். மூடிய சிறு நீர்நிலையில் உயிர்கள் நெடுநாள் வாழ இயலுமா என்பதை அவர் சோதித்து, முடிவை 1850ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவருடைய தொட்டியில் பொன்மீன்கள் இரண்டும், நாடா போன்ற இலையுடைய நீர்ச்செடியும் இருந்தன. மீன் விடும் கரியமில வாயுவைச் செடி ஏற்கும். செடி விடும் பிராணவாயுவை மீன் ஏற்கும் என்பது அவர் கணிப்பு. கணிப்புச் சரியே, ஆயினும் செடியின் பழுத்த இலைகள் அழுகி நீரைக் கெடுத்தன. பின்னர் அவர் குளத்து நத்தைகள் சிலவற்றை விட்டார். அவை அழுகிய இலைகளைத் தின்றன, நீர் தெளிந்தது.

தொட்டியில் ஓர் உயிர் கழிப்பதை மற்றோர் உயிர் எடுத்துப் பயன்படுத்த வேண்டும். அதனை எடுப்பார் இல்லையேல் அதுவே யாவருக்கும் நஞ்சாகும் என்பது இச்சோதனை கற்பித்த பாடம். கூட்டுறவு முறையில் பழகிய நமக்கு இவ்வுண்மை புதிதன்று.

2. ஆராய்ச்சிக்கு ஒரு தொட்டி

2 அடி நீளமும், 1 அடி அகலமும், 1 அடி உயரமும் உடைய தொட்டி ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். அது நிறைய ஏறக்குறைய 57 லிட்டர் நீர் கொள்ளும். மணலும் கல்லும் இட்டு, மேலே சற்று இடம் விட்டால், உள்ளே நிற்பது ஏறக்குறைய 45 லிட்டர்.

புதிதாய் வாங்கிய இத்தொட்டியில் அன்று மாலையே பொன்மீன் 2, ஏஞ்சல் 2, நியான் டெட்ரா 6, டைகர் பார்ப் 2, ஆண் சண்டை மீன் 1, கண்ணாடியைத் துப்புரவு செய்யும் என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீன் 1 ஆக 14 மீன்கள் விடப்பட்டன என்று கொள்வோம். நிறத்திற்கு ஒன்றாகத் தேர்ந்தெடுத்ததால் பார்வைக்கு அழகாகவே இருக்கும். அதன் பின்னர் நிகழ்வது வருமாறு:

ஐந்தாம் நாள் எல்லா மீன்களும் நீரின் மேல்மட்டத்தில் வந்து வாய் பிளந்து மூச்சு வாங்குகின்றன. பத்தாம் நாள் ஏஞ்சல் மீனின் நீண்ட துடுப்புகளும் சண்டை மீனின் வாலும் கிழிந்து, கிழிந்த ஓரத்தில் பஞ்சு போன்ற பூஞ்சை படர்கின்றது. இரண்டாம் வார இறுதியில் நியான் மீன் ஒன்றன் உடலில் உப்புத் தூவியது போன்ற வெண்புள்ளிகள் தோன்றுகின்றன. மூன்று நாட்களில் மற்றவற்றிலும் தோன்றுகின்றன. உடையவர் கடைக்குச் சென்று நீல மருந்து வாங்கி வந்து ஊற்றுகின்றார். சில நாட்களில் மீன்கள் மீண்டும் மேல்மட்டத்தில் மூச்சு வாங்குகின்றன. மாத முடிவில் எஞ்சுவன இரண்டோ மூன்றோ.

உடையவர் கண்ணுக்கு இவை யாவும் ஒரே வியாதி. உண்மையில் இங்கு நேர்ந்தவை மூன்று வெவ்வேறு கேடுகள். அவற்றைப் பிரித்தறியும் எளிய விதி இது:

எல்லா மீன்களும் ஒரே சமயத்தில் வருந்தினால் முதலில் நீரை ஐயுறுக.
ஒரு மீன் மட்டும் காயமுற்றிருந்தால் அண்டை மீனை ஐயுறுக.
ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நாள்தோறும் பரவினால் தொற்று நோயை ஐயுறுக.

3. நீரின் கேடு

மீன் தன் செவுள்கள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியாவை வெளியிடுகின்றது. மீந்த உணவு அழுகினாலும் அம்மோனியா உண்டாகும். இது கடுநஞ்சு. பழகிய தொட்டியில் மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும் வாழும் ஒருவகைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சே, மீனின் இரத்தம் பிராணவாயுவை ஏந்திச் செல்லாதபடி தடுக்கும். வேறொரு வகைப் பாக்டீரியாக்கள் அதனை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் பெருந்தீங்கு விளைப்பதன்று, செடிகளுக்கு உணவாகும். வயலில் இட்ட உரம் மண்ணில் மாறுவதும் இவ்வாறே என்பதை உழவர் அறிவர்.

இந்தப் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் இல்லை. அவை போதுமான அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் வரை ஆகும். நம் உதாரணத் தொட்டியில் முதல் நாளே 14 மீன்களை விட்டதால் ஐந்தாம் நாள் அவை மூச்சு வாங்கின. அதற்கு மருந்து யாதும் இல்லை. உடனே நான்கில் ஒரு பங்கு முதல் பாதி வரை நீரை மாற்றுதல், உணவை நிறுத்துதல், காற்றுக் குழாயை ஓடவிடுதல் ஆகியவையே பரிகாரம்.

மேலும் அறிய வேண்டியவை இரண்டு. நீரின் பி.எச். அளவை மண் பரிசோதனைச் சீட்டில் கண்டிருப்பீர்கள். அவ்வளவு 7இலிருந்து 8ஆக உயர்ந்தால், அம்மோனியாவில் நஞ்சாக உள்ள பகுதி ஏறக்குறைய 10 மடங்காகின்றது. ஆகவே காரத்தன்மையுள்ள கிணற்று நீரில் சிறிதளவு அழுக்கும் பெருங்கேடு விளைக்கும். அடுத்தது உஷ்ணம். 20 டிகிரி சென்டிகிரேடில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம் அளவே தாங்கும். கோடையில் மீன்களின் எண்ணிக்கையைக் குறைத்தே வைத்தல் வேண்டும்.

நீல மருந்து இட்ட பின் மீண்டும் மூச்சு வாங்கியதன் காரணமும் இங்கேயே உள்ளது. மெத்திலீன் நீலமும் சில கிருமிக்கொல்லி மருந்துகளும் நன்மை செய்யும் பாக்டீரியாக்களையும் தாக்குகின்றன. அவை அழியவே அம்மோனியா மீண்டும் பெருகுகின்றது. ஆதலின் இவ்வகை மருந்துகளை மீன்கள் வாழும் பெருந்தொட்டியில் ஊற்றாது, நோயுற்ற மீனைத் தனி வாளிக்கு மாற்றி, அங்கே இடுதலே முறை.

4. அண்டையின் கேடு

சுருங்கும் நூலையும் சுருங்காத நூலையும் ஒரே பாவில் ஓட்டினால் தறியில் துணி நன்றாகவே தோன்றும். முதல் வெளுப்பில் சுருக்கம் விழுந்துவிடும். பொருந்தா மீன்களின் சேர்க்கையும் கடையில் நன்றாகவே தோன்றும்.

டைகர் பார்ப் சுமத்ரா, போர்னியோத் தீவுகளைச் சார்ந்த சுறுசுறுப்பான மீன். கூட்டமாக வாழ்வது இதன் இயல்பு. 6 அல்லது அதற்கு மேல் சேர்த்து வைத்தால் தம்முள் துரத்தி விளையாடிக் கொள்ளும். இரண்டாக வைத்தால் அந்தத் துடிப்பு முழுவதும் மற்ற மீன்களின் மேல் பாயும். நீண்ட துடுப்புடன் மெல்ல நீந்தும் ஏஞ்சலும், பெரிய வாலையுடைய சண்டை மீனும் அதன் கடிக்கு எளிதில் இலக்காகும். கிழிந்த துடுப்பில் பூஞ்சையும், அழுகல் உண்டாக்கும் கிருமிகளும் பின்னர் வந்து குடியேறுகின்றன. பூஞ்சைக்கு மருந்திட்டுக் கடித்தவனை அங்கேயே விட்டு வைத்தால் காயம் ஆறாது.

ஏஞ்சல் அமேசான் ஆற்றுப் பகுதியைச் சார்ந்தது. கடையில் நாணயத்தின் அளவில் இருக்கும் இது வளர்ந்தபின் தன் வாய்க்கு அடங்கும் நியான் மீனை விழுங்கிவிடும். "ஒன்றின் வாய்க்குள் அடங்குவது அதற்கு உணவு" என்பதை மீன் சேர்ப்போர் மறத்தலாகாது. 30 சென்டிமீட்டர் வரை வளரும் ஆஸ்கார் மீனைச் சிறு மீன்களுடன் வைக்கலாகாமைக்கும் காரணம் இதுவே. மலேசியாவில் கலப்பினமாக உண்டாக்கப்பட்ட ஃபிளவர்ஹார்ன் மீனைத் தனியே வைத்தல் நலம்.

பொன்மீன் சாதுவானது, ஆயினும் நம் உதாரணத் தொட்டிக்கு உரியதன்று. ஏனைய மீன்கள் 24 முதல் 28 டிகிரி வெப்பத்தை விரும்ப, இது அதனினும் குளிர்ந்த நீரை விரும்புகின்றது. மிகுதியாக உண்டு மிகுதியாகக் கழிக்கின்றது. பல்லாண்டு வாழ்ந்து பெரிதாக வளர்கின்றது. பொன்மீனுக்குப் பொன்மீனே துணை.

சண்டை மீனில் ஆண்கள் இரண்டை ஒரே தொட்டியில் விட்டால் போரிட்டு மடியும் என்பது யாவரும் அறிந்தது. தனி ஆணும் பளிச்சிடும் துடுப்புடைய பிற மீன்களைக் கண்டு சீறும். இதற்குச் செவுளோடு காற்றையே சுவாசிக்கும் தனி உறுப்பும் இருப்பதால் மேல்மட்டத்திற்கு வந்து காற்றை விழுங்கும். கௌராமி மீனும் அவ்வாறே செய்யும். இது நோயன்று.

சக்கர் மீனைத் துப்புரவுப் பணியாளர் என்று எண்ணுவது பிழை. பாசியைத் தின்பது உண்மை. ஆனால் அது கழிக்கும் கழிவு மிகுதி. கைவிரல் அளவில் வாங்கியது ஓர் அடிக்கு மேலும் வளரும். வளர்ந்தபின் பொன்மீன், ஏஞ்சல் போன்ற அகன்ற உடலுடைய மீன்களின் மேல் ஒட்டி, உடலைக் காக்கும் கோழையை உறிஞ்சுவதும் உண்டு.

துரத்தப்படும் மீன் மூலையில் ஒதுங்கும், உணவுக்கு வாராது, நிறம் மங்கும். அச்சத்தில் வாழும் மீனின் எதிர்ப்பாற்றல் குன்றுகின்றது. நல்ல சூழலில் தாங்கக்கூடிய கிருமிக்கும் அது இரையாகின்றது. அண்டைக் கேடு தொற்று நோய்க்கு வாயிற்கதவைத் திறக்கும் வழி இதுவே.

5. தொற்று நோய்

வெண்புள்ளி நோயே கண்ணாடித் தொட்டிகளில் மிகுதியாகக் காணப்படுவது. கண்ணுக்குத் தெரியும் புள்ளி ஒவ்வொன்றும் மீனின் தோலுக்கடியில் தங்கி உண்ணும் ஓர் ஒட்டுண்ணி. உண்டு பருத்ததும் அது மீனை விட்டு நீங்கித் தொட்டியின் அடியில் தங்கி நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகின்றது. அக்குஞ்சுகள் ஏறக்குறைய இரண்டு நாட்களுக்குள் வேறொரு மீனைப் பற்ற வேண்டும், இல்லையேல் மடியும். 25 டிகிரி வெப்பத்தில் இச்சுற்று ஒரு வாரத்திற்குள் முடிந்துவிடும்.

மருந்து தோலுக்கடியில் உள்ள ஒட்டுண்ணியைத் தொடுவதில்லை. நீரில் நீந்தும் குஞ்சுகளையே கொல்லும். ஆகையால் புள்ளிகள் மறைந்ததும் மருந்தை நிறுத்துவோர் ஏமாறுவர். மறைந்த புள்ளிகள் அடியில் குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும். இரு வாரங்கள் வரை சிகிச்சையைத் தொடர்தல் வேண்டும்.

எளிய சிகிச்சை கல்லுப்பு. லிட்டருக்கு 2 கிராம் வீதம் 45 லிட்டருக்கு 90 கிராம் ஆகும். ஒரே முறையில் கொட்டாது, நீரில் கரைத்து மூன்று பகுதியாக இரண்டு நாட்களில் சேர்க்க வேண்டும். நீரை மாற்றும்போது எடுத்த நீரின் அளவுக்கு மட்டும் மீண்டும் உப்புச் சேர்க்க வேண்டும். மோலி, கப்பி ஆகியவை உப்பை நன்கு தாங்கும்; செதிளற்ற கெளுத்தி இனங்களும் மென்மையான நீர்ச்செடிகளும் அவ்வளவு தாங்கா. உஷ்ணத்தைச் சிறிது சிறிதாக 30 டிகிரி வரை உயர்த்தினால் இந்நோய் பெரும்பாலும் தணியும். அப்போது காற்றோட்டத்தை மிகுதியாக்க வேண்டும்.

வயிறு வீங்கிச் செதிள்கள் சிலிர்த்து நிற்குமாயின் அது உள்ளுறுப்புகள் கெட்டதன் அறிகுறி. அந்த மீன் பிழைப்பது அரிது. உடனே தனியே எடுத்துவிட வேண்டும்.

தொற்று நோயைத் தடுக்கும் உறுதியான வழி ஒன்றே. கடையிலிருந்து வந்த எந்த மீனையும் நேராகத் தொட்டியில் விடாது, 2 முதல் 4 வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்தல் வேண்டும். அதற்குத் தனி வலையும் தனி வாளியும் வேண்டும். 20 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இதற்குப் போதும்.

6. நீரை அறிந்து இனத்தைத் தேர்க

உங்கள் கிணற்று நீரில் சோப்பு நுரைக்கின்றதா? சாயத் தோய்ப்பில் பழகியவர்க்கு உவர் நீரின் இயல்பைச் சொல்லவேண்டுவதில்லை. கடின நீரை மென்னீராக்க முயல்வதினும், கடின நீரை விரும்பும் மீனைத் தேர்வதே சிக்கனம்.

கடின நீருக்குக் கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகிய குட்டியீனும் இனங்கள் பொருத்தமானவை. தம்முள் ஒத்து வாழும். எளிதில் பெருகுவதால் தொழில் பழகுவோர்க்கும் உகந்தவை. ஆண் ஒன்றுக்குப் பெண் இரண்டு மூன்று வீதம் விட்டால் ஆண்களின் துரத்தலுக்கு ஒரே பெண் இரையாகாது. மென்னீர் கிடைக்குமிடத்தில் நியான் முதலிய டெட்ராக்களைக் கூட்டமாக வளர்க்கலாம். டைகர் பார்ப் விரும்புவோர் 8 மீன்களை வாங்கி, அவற்றைப் போலவே விரைந்து நீந்தும் ஜீப்ரா டேனியோவுடன் சற்றுப் பெரிய தொட்டியில் சேர்க்கலாம்.

முதல் வாரம் 3 சிறு மீன்களுக்கு மேல் வேண்டா. பின்னர் நீரைச் சோதித்து, இரு வாரத்திற்கு ஒருமுறை இரண்டு மூன்றாகச் சேர்த்து வருக. வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுக. நம் உதாரணத் தொட்டிக்கு இது 11 அல்லது 12 லிட்டர். குழாய் நீரில் குளோரின் இருப்பின் ஒரு நாள் திறந்து வைத்த பின்னரே ஊற்றுக. வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் அலசாது, தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே பிழிந்து அலசுக. நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் குடியிருப்பது அதிலேதான். இரண்டு நிமிடத்தில் உண்ணும் அளவுக்கு மேல் உணவிடலாகாது.

7. நம் தொழில்களால் வரும் அபாயம்

சாயத்திற்கும், காஸ்டிக் சோடாவுக்கும், ஹைட்ரோஸுக்கும் பயன்பட்ட வாளியை மீன் தொட்டிக்கு எடுத்தலாகாது. ஹைட்ரோஸ் நீரிலுள்ள பிராணவாயுவையே கவர்ந்துவிடும். பூச்சிமருந்து தெளித்துத் திரும்பிய உழவர் குளித்து உடை மாற்றாது தொட்டியில் கை வைக்கலாகாது. சைப்பர்மெத்ரின் போன்ற மருந்துகள் மிகச் சிறு அளவிலும் மீனைக் கொல்லும். மயில்துத்தமும் அத்தகையதே, மென்னீரில் அதன் கடுமை மிகும். கொசுவர்த்திச் சுருள்களிலும் சைப்பர்மெத்ரின் இனத்து மருந்து உண்டு. காற்றுப் பம்பு அறையின் காற்றையே நீருக்குள் செலுத்துவதால் தொட்டியுள்ள அறையில் அதனைக் கொளுத்தாதிருத்தல் நன்று.

8. ஏரியில் விடலாகாது

வளர்ந்து பெருத்த மீனையும், நோயுற்ற மீனையும், தொட்டி நீரையும் இரக்கத்தாலோ சோம்பலாலோ ஏரியிலும் வாய்க்காலிலும் கொட்டுவோர் உளர். இதனால் வரும் கேடு ஒரு வீட்டளவில் நிற்பதன்று. தென்னமெரிக்காவைச் சார்ந்த சக்கர் மீன் இவ்வாறே வெளியேறித் தமிழ்நாட்டு, கேரள நீர்நிலைகளில் இன்று பரவியுள்ளது. அதன் உடல் கவசம் போன்றது; முட்கள் மீனவர் வலையைக் கிழிக்கும். கரையில் வளை தோண்டி முட்டையிடுவதால் கரையும் இளகும். உண்ணும் மீன்களின் இரையைக் கவர்ந்துகொள்ளும். ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் நமக்கு இதனினும் வேறு எச்சரிக்கை வேண்டுவதில்லை.

வேண்டாத மீனைக் கடைக்கே திருப்பித் தருக; அல்லது பெரிய தொட்டியுள்ள வேறொருவரிடம் சேர்க்க. மாண்ட மீனைப் புதைக்க. தொட்டி நீரைத் தென்னைக்கோ வாழைக்கோ ஊற்றலாம். அதிலுள்ள நைட்ரேட் பயிருக்கு நல்லது. உப்போ மருந்தோ இட்ட நீரை மட்டும் பயிருக்கு ஊற்றாது, நீர்நிலைக்கு எட்டாத வெற்றிடத்தில் கொட்டுக.

அம்மோனியாவைச் சோதிக்கும் பரிசோதனைப் பெட்டி தனியொருவருக்குச் செலவாகத் தோன்றலாம். ஐந்து அங்கத்தினர் சேர்ந்து வாங்கினால் பாரமாகாது. புது மீன்களைக் கண்காணிக்கும் தனித் தொட்டியையும் அவ்வாறே பொதுவில் வைத்துக்கொள்ளலாம். ஒருவர் மீன் இருக்கும் வரை மற்றவர் மீனை அதில் விடாதிருத்தல் வேண்டும். மருந்துக்குச் செலவிடும் பணத்தைக் காட்டிலும் இச்செலவு மிகக் குறைவு.

கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. எல்லா மீன்களும் ஒரே நாளில் மேல்மட்டத்தில் மூச்சு வாங்கினால் முதலில் செய்ய வேண்டுவன யாவை?
2. இரண்டு டைகர் பார்ப்பைக் காட்டிலும் எட்டு டைகர் பார்ப் அண்டை மீன்களுக்குத் தீங்கு குறைவாகச் செய்வது ஏன்?
3. வெண்புள்ளிகள் மறைந்த பின்னும் சிகிச்சையைத் தொடர வேண்டுவது எதனால்?
4. உங்கள் ஊர்க் கிணற்று நீருக்கு எந்த இன மீன்கள் பொருந்தும்? காரணம் கூறுக.
5. நம் உதாரணத் தொட்டியிலுள்ள 14 மீன்களுள் எவற்றை நீக்கி எவற்றை வைத்துக்கொள்ளலாம்? ஒவ்வொருவரும் தம் பட்டியலை எழுதி வந்து ஒப்பிடுக.